நிகழ்பட ஆட்ட உருவாக்கக் கணினி

நிகழ்பட ஆட்ட உருவாக்கக் கணினி என்பது நிகழ்பட ஆட்டங்களை ஆக்குவதற்குப் பயன்படும் தனியாள் கணினி ஆகும். நிரல் எழுதுதல், எழுதிய நிரலைத் தொகுத்தல், முப்பரிமாண உருவங்களை வடித்தல், காட்சிக்கு ஒளி அமைத்தல், ஆட்டத்தை ஓட்டிச் சோதித்தல் ஆகிய பணிகள் யாவும் இக்கணினியிலேயே நடைபெறுகின்றன. இதன் திறனைப் பெரிதும் தீர்மானிப்பவை இரண்டு உறுப்புகள்: மையச் செயலி, மற்றும் கடைவழக்கில் கிராபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டை. கணினியின் விலையில் பெரும்பங்கும் இவ்விரண்டுக்கே செல்வதால், மாணவர்களும் சிறு குழுக்களும் எதற்கு எவ்வளவு செலவிடுவது என்பதில் தடுமாறுகின்றனர். இந்தியாவில் இவ்வுறுப்புகளுக்கு 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு. ஒருமுறை வாங்கியதை நான்கைந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டியவருக்குத் தவறான தெரிவு பெரும் இழப்பாகும்.

ஆடும் கணினியும் ஆக்கும் கணினியும்

கடைகளிலும் இதழ்களிலும் கணினியின் வேகம் பெரும்பாலும் ஒரு வினாடிக்கு எத்தனை சட்டகங்கள் திரையில் வரையப்படுகின்றன என்பதைக் கொண்டே அளக்கப்படுகிறது. ஆட்டத்தை ஆடுபவருக்கு இவ்வளவு பொருத்தமானது. வினாடிக்கு 60 சட்டகங்கள் வேண்டுமெனில் ஒரு சட்டகத்தை 16.7 மில்லிவினாடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். அதற்கு வலிமையான வரைகலை அட்டையும், ஒரே இழையை விரைந்து இயக்கும் செயலியும் தேவை.

ஆட்டத்தை ஆக்குபவரின் நாள் இவ்வாறு கழிவதில்லை. நிரலில் ஒரு வரியை மாற்றுகிறார். தொகுத்து முடியும்வரை காத்திருக்கிறார். ஒரு விளக்கை இடம் மாற்றுகிறார். ஒளியைக் கணித்து முடியும்வரை காத்திருக்கிறார். புதிய பொருளொன்றைக் காட்சியில் சேர்த்தால், ஷேடர் எனப்படும் வரைகலை நிரல்கள் ஆயிரக்கணக்கில் மீண்டும் தொகுக்கப்படுகின்றன. ஆகவே உருவாக்கக் கணினியை அளக்க வேண்டியது இக்காத்திருப்பு நேரத்தைக் கொண்டே. இந்த வேறுபாட்டைக் கருதாமல், 'கேமிங் பிசி' என்று விற்கப்படும் கணினியை அப்படியே வாங்குவோர் அட்டைக்கு மிகுதியாகவும், செயலிக்கும் நினைவகத்துக்கும் குறைவாகவும் செலவிட்டு விடுகின்றனர்.

மையச் செயலி

இக்காலச் செயலி ஒவ்வொன்றும் பல கருக்களைக் கொண்டது. கரு என்பது தனித்துக் கணிக்கவல்ல ஒரு பகுதி ஆகும். பெரும் ஆட்டத்தின் நிரல் நூற்றுக்கணக்கான கோப்புகளாக இருப்பதால், ஒவ்வொரு கருவுக்கும் ஒரு கோப்பைக் கொடுத்து ஒரே நேரத்தில் தொகுக்க இயலும். ஷேடர் தொகுப்பும் ஒளி முன்கணிப்பும் அவ்வாறே பங்கிடத்தக்கவை. எனவே உருவாக்கப் பணிக்குக் கருக்களின் எண்ணிக்கை நேரடியாகப் பயன் தருகிறது.

ஆயினும் பயனுக்கு ஓர் எல்லை உண்டு. தொகுத்த துண்டுகளை ஒன்றாகப் பிணைக்கும் இறுதிக் கட்டம் பெரும்பாலும் பங்கிட இயலாதது. இவ்வெல்லையை 1967 இல் ஜீன் அம்தால் என்னும் கணினிப் பொறியாளர் எடுத்துக்காட்டினார். அது அம்தாலின் விதி எனப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஒரே கருவில் 60 நிமிடம் பிடிக்கும் வேலையில் 54 நிமிடப் பகுதி பங்கிடத்தக்கது, 6 நிமிடப் பகுதி பங்கிட இயலாதது எனக் கொள்வோம். ஆறு கருக்கள் இருந்தால் 9 + 6 = 15 நிமிடம் ஆகும். பன்னிரண்டு கருக்கள் இருந்தால் 4.5 + 6 = 10.5 நிமிடம் ஆகும். கருக்கள் இருமடங்கானபோதும் நேரம் பாதியாகவில்லை. ஆகையால் சிறு குழுவுக்கு ஆறு அல்லது எட்டுக் கருச் செயலியே பணத்துக்கு ஏற்ற பயன் தருவதாகும். அன்ரியல் போன்ற பெரிய ஆட்டப்பொறியின் மூல நிரலை முழுமையாக அடிக்கடி தொகுப்பவருக்கே 12 அல்லது 16 கருக்கள் ஈடு செய்யும்.

2017 இல் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் வரிசை வந்தபின் எட்டுக் கருச் செயலிகள் எளிய விலைக்கு இறங்கின. இன்டெல் நிறுவனம் 2021 இன் இறுதியில் வெளியிட்ட 12 ஆம் தலைமுறை முதல், வேகமான பெரிய கருக்களையும் மின்சிக்கனமான சிறிய கருக்களையும் ஒரே செயலியில் கலந்து தருகிறது. இதனால் இரு நிறுவனச் செயலிகளின் கரு எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடுவது பிழையாகும்; இன்டெலின் 14 கருக்களில் 8 சிறியவையாக இருக்கலாம்.

ஏஎம்டியின் '3டி' என முடியும் செயலிகள் பதுக்கு நினைவகத்தை மிகுதியாகக் கொண்டவை. 2022 இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியில் இது 96 மெகாபைட் ஆகும். இவை ஆட்டம் ஆடுவதில் புகழ்பெற்றவை. தொகுப்பு வேலையில் அதே அளவு ஆதாயம் தருவதில்லை. கூடுதல் விலை கொடுத்து இவற்றை உருவாக்கக் கணினிக்கு வாங்கத் தேவையில்லை.

செயலியைத் தெரிவு செய்யும்போது உள்ளிணைந்த வரைகலை இருக்கிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும். இன்டெலில் 'எஃப்' என முடியும் செயலிகளில் இது இல்லை. ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் பெயரில் 'ஜி' எழுத்து உள்ளவற்றில் மட்டும் உண்டு. 2022 இல் வந்த 7000 வரிசையில் 'எஃப்' என முடிபவை தவிர ஏனையவற்றில் உண்டு. தனி அட்டை வாங்குபவருக்கு இது வீண் எனக் கடைக்காரர் கூறுவதுண்டு, 'எஃப்' வகை சற்று மலிவும்கூட. ஆனால் அட்டை பழுதாகிச் சேவை மையத்துக்கு அனுப்பப்பட்டால், உள்ளிணைந்த வரைகலை இல்லாத கணினியில் திரையே ஒளிராது. அது இருந்தால் நிரல் எழுதும் வேலையாவது தொடரும். பெருநகருக்கு வெளியே வாழ்வோருக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

செயலிப் பழுதும் 2024 நிகழ்வும்

ஆட்ட உருவாக்குநர்கள் செயலியின் உறுதிப்பாட்டைக் கருத வேண்டியதற்கு அண்மைக்காலச் சான்றொன்று உண்டு. இன்டெலின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் முறையே 2022, 2023 அக்டோபரில் வெளிவந்தன. இவற்றைக் கொண்ட கணினிகளில் அன்ரியல் ஆட்டப்பொறியால் ஆக்கப்பட்ட ஆட்டங்கள் தொடக்கத்திலேயே நின்றுபோவதாக முறையீடுகள் எழுந்தன. அப்போது திரையில் தோன்றிய செய்தி, வரைகலை நினைவகம் போதவில்லை என்பதாகும். பலரும் அட்டையின் இயக்கியை மாற்றினர்; சிலர் அட்டையையே மாற்றினர். பயன் இல்லை.

உண்மையில் பழுது செயலியில் இருந்தது. ஆட்டம் தொடங்குகையில் சுருக்கி வைத்த ஷேடர்கள் எல்லாக் கருக்களையும் முழுமூச்சாக இயக்கி விரிக்கப்படுகின்றன. அவ்வேளையில் செயலி பிழையாகக் கணித்தது. அப்பிழையை ஆட்டப்பொறி நினைவகக் குறைபாடாகப் புரிந்துகொண்டது. 2024 ஏப்ரலில் வரைகலை அட்டை ஆக்கும் என்விடியா நிறுவனமே, இச்செய்தி காண்போர் இன்டெலை அணுகுமாறு கூறியது. அவ்வாண்டு சூலையில் ஆஸ்திரேலியாவின் ஆல்டெரன் கேம்ஸ் என்னும் ஆட்ட நிறுவனம், தன் ஆட்ட வழங்கிகளை ஏஎம்டி செயலிக்கு மாற்றப்போவதாக வெளிப்படையாக அறிவித்தது. செயலி அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கோருவதால் காலப்போக்கில் தேய்வுறுகிறது என இன்டெல் விளக்கி, 2024 ஆகத்திலும் செப்டம்பரிலும் திருத்தங்களை வெளியிட்டது. உறுதிக்காலத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கனவே தேய்ந்த செயலியை இத்திருத்தம் மீட்காது.

இவ்வகைச் செயலியைப் பழைய பொருளாக வாங்குபவர், தாய்ப்பலகையின் பயாஸ் புதுப்பிக்கப்பட்டதா என்பதையும் எஞ்சிய உறுதிக்காலத்தையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். தன் நிரலில் உள்ள வழுவைத் தேடி நாட்களைச் செலவிடும் உருவாக்குநருக்கு, வழு வன்பொருளில் இருப்பதைப் போன்ற துன்பம் வேறில்லை.

முதன்மை நினைவகம்

கருக்களை மிகுதியாக வாங்கி நினைவகத்தைக் குறைப்பது பரவலான தவறு. அன்ரியலின் தொகுப்புக் கருவி ஒவ்வொரு தொகுப்புப் பணிக்கும் ஏறத்தாழ 1.5 ஜிகாபைட் நினைவகம் தேவை எனக் கணக்கிடுகிறது. ஒரே நேரத்தில் 16 பணிகள் ஓட வேண்டுமெனில் 24 ஜிகாபைட் அதற்கே வேண்டும். இயங்குதளம், ஆட்டப்பொறியின் தொகுப்பான், உலாவி ஆகியன தனி. நினைவகம் குறைந்தால் கருவி பணிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கிய கருக்கள் சும்மா இருக்கும். அன்ரியலை ஆக்கும் எபிக் கேம்ஸ் நிறுவனம் 32 ஜிகாபைட்டைப் பரிந்துரைக்கிறது. 2025 இன் பிற்பகுதியில் செயற்கை அறிவுத்திறன் தரவு மையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை கடுமையாக உயர்ந்தது. பணம் போதாதவர், முதலில் 16 ஜிகாபைட்டை ஒரே பலகையாக வாங்கி மற்றொரு செருகிடத்தை வெறுமையாக விடலாம். அதுவரை வேகம் சற்றுக் குறையும்.

வரைகலை அட்டை

செயலி சில பெரிய கருக்களைக் கொண்டிருக்க, வரைகலை அட்டை ஆயிரக்கணக்கான சிறு கணிப்பான்களைக் கொண்டது. ஒரே வகைக் கணக்கை இலட்சக்கணக்கான படப்புள்ளிகளுக்கு ஒருசேரச் செய்வது அதன் தொழில். அட்டைகளுக்குக் கூறப்படும் டெராஃபிளாப் எண்கள் இதனையே குறிக்கின்றன. இவ்வெண்களைக் கவனத்துடன் ஒப்பிட வேண்டும். திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட பரம் பொருள் மீத்திறன் கணினியின் திறன் 838 டெராஃபிளாப் ஆகும். ஆர்டிஎக்ஸ் 4060 என்னும் நடுத்தர அட்டைக்கு 15 டெராஃபிளாப் எனக் கூறப்படுகிறது. அப்படியாயின் 56 அட்டைகள் மீத்திறன் கணினிக்கு நிகராகுமா என்றால், ஆகா. மீத்திறன் கணினி இரட்டைத் துல்லியத்தில் அளக்கப்படுகிறது. அட்டையின் எண் ஒற்றைத் துல்லியத்துக்கானது. இரட்டைத் துல்லியத்தில் அவ்வட்டையின் வேகம் அதன் 64 இல் ஒரு பங்கே. ஆட்டத்துக்கு ஒற்றைத் துல்லியம் போதுமென்பதால் இது குறையும் அன்று.

உருவாக்குநருக்கு அட்டையின் வேகத்தைவிட அதன் நினைவகமே முதன்மையானது. 4096 × 4096 படப்புள்ளிகள் கொண்ட மேற்பரப்புப் படிமம் ஒன்று, புள்ளிக்கு 4 பைட் வீதம் 64 மெகாபைட் இடம் பிடிக்கும். தொலைவுக் காட்சிக்கான சிறு படிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 85 மெகாபைட். இத்தகைய நூறு படிமங்கள் 8.5 ஜிகாபைட் ஆகிவிடும். ஆடுபவரின் கணினிக்கு இவை சுருக்கப்பட்டு, நான்கில் ஒரு பங்கு அளவில் சென்று சேர்கின்றன. ஆக்குபவரோ சுருக்காத படிமங்களைத் தீட்டிக்கொண்டிருப்பார். கூடவே ஆட்டப்பொறியும் பிளெண்டர் போன்ற உருவமைப்பு மென்பொருளும் திறந்திருக்கும். இவை யாவும் ஒரே அட்டையின் நினைவகத்தைப் பங்கிடுகின்றன.

நினைவகம் போதாதபோது என்ன நிகழும் என்பதும் அறியத்தக்கது. யூனிட்டி ஆட்டப்பொறியில் அட்டையைக் கொண்டு ஒளியை முன்கணிக்கும் வசதி உள்ளது. அட்டையின் நினைவகம் நிரம்பினால் அது அவ்வேலையைச் செயலிக்கு மாற்றிவிடுகிறது. வேலை நடக்கும், ஆனால் பன்மடங்கு மெதுவாக. அட்டை வாங்கியும் பயனில்லை.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு என்விடியாவின் இரு அட்டைகள். 2021 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 அட்டை 12 ஜிகாபைட் கொண்டது. 170 வாட் மின்சாரம் கொள்வது. (குறைந்த நினைவகத்துடன் இதே பெயரில் பின்னர் வந்த வகையும் உண்டு, பெட்டியைப் படித்து வாங்குக.) 2023 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 புதியது, வேகமானது, 115 வாட்டே கொள்வது, ஆனால் நினைவகம் 8 ஜிகாபைட் மட்டுமே. ஆடுபவருக்குப் புதியது மேல். பெரிய காட்சிகளை ஆக்குபவருக்குப் பழையது பல வேளைகளில் மேல். அட்டையின் நினைவகம் பற்றவைக்கப்பட்டது என்பதால் பின்னர் கூட்டவும் முடியாது. பின்வந்தவற்றில் இன்டெலின் ஆர்க் பி580 அட்டை 12 ஜிகாபைட்டும், ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகியவற்றின் ஒரு வகை 16 ஜிகாபைட்டும் கொண்டவை. பின்னிரண்டும் அதே பெயரில் 8 ஜிகாபைட்டிலும் விற்கப்படுகின்றன.

நிறுவனத் தெரிவில் மென்பொருள் ஆதரவும் பங்கு கொள்கிறது. பிளெண்டரின் சைக்கிள்ஸ் படமாக்கி மூன்று நிறுவன அட்டைகளிலும் இயங்கினாலும், என்விடியாவின் ஆப்டிக்ஸ் வழியே அது நெடுநாளாகப் பண்பட்டுள்ளது. 2021 இல் வந்த பிளெண்டர் 3.0 பதிப்பில் ஓப்பன்சிஎல் ஆதரவு நீக்கப்பட்டபோது, பழைய ஏஎம்டி அட்டை வைத்திருந்தோர் பலர் செயலியைக் கொண்டே படமாக்க நேர்ந்தது. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு மாறாக, ஏஎம்டியின் கட்டற்ற இயக்கி கருனியிலேயே இருப்பது வசதி.

நாணய அகழ்வில் ஓடிய அட்டைகள் 2022 செப்டம்பரில் எத்திரியம் முறை மாறியபின் பழைய பொருள் சந்தைக்குப் பெருமளவில் வந்தன. மலிவாயினும் அவற்றின் விசிறியும் நினைவகச் சில்லுகளும் ஓய்வின்றி உழைத்தவை.

ஆட்டத்துக்கு ஏற்ற தெரிவு

எல்லா ஆட்டங்களும் ஒரே கணினியைக் கோருவதில்லை. கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் குழு 2023 சூலையில் வெளியிட்ட 'வெண்பா', 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் சமையலறையில் நிகழ்வது. வரைந்த ஓவியங்களாலான இருபரிமாண ஆட்டமான இது 2024 இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக ஆட்ட விருதைப் பெற்றது. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் குழு அன்ரியல் ஆட்டப்பொறியால் ஆக்கி 2020 இல் வெளியிட்ட 'ராஜி' முழு முப்பரிமாண ஆட்டம். முதல் வகைக்கு உள்ளிணைந்த வரைகலையோடு கூடிய செயலியும் 16 ஜிகாபைட் நினைவகமும் நல்ல திரையும் போதுமானவை. இரண்டாம் வகைக்கே மேற்சொன்ன தனி அட்டை வேண்டும். கட்டற்ற மென்பொருளான கோடோ ஆட்டப்பொறி, பழைய கணினிகளுக்கென ஓப்பன்ஜிஎல் வழியே இயங்கும் தனி முறையைக் கொண்டுள்ளது. தொடக்க மாணவர் இதில் பழகி, எவ்வகை ஆட்டம் ஆக்கப்போகிறோம் எனத் தெளிந்தபின் அட்டை வாங்குவது நன்று.

மின்சாரமும் வெப்பமும்

மருங்காபுரி, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் மணப்பாறைக்குத் தெற்கே அமைந்துள்ளது. வானம் பார்த்த நிலம் மிகுந்த இவ்வட்டாரத்தில் கோடை வெயில் கடுமையானது; மாவட்டத்தில் வெப்பநிலை 40 பாகை செல்சியஸைத் தாண்டும் நாட்கள் உண்டு. கணினி உறுப்புகளின் அளவீடுகள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் எடுக்கப்படுபவை. அறை 15 பாகை கூடுதல் வெப்பமாக இருந்தால் செயலியும் ஏறக்குறைய அவ்வளவே கூடுதலாகச் சூடேறும். எல்லையைத் தொட்டதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ரைசன் 7000 வரிசையின் எல்லை 95 பாகை. பத்து நிமிடத் தொகுப்பின் முதல் நிமிடத்தில் காணும் வேகம் இறுதிவரை நிற்பதில்லை என்பதை இங்குள்ள பயனர் கணக்கில் கொள்ள வேண்டும். குளிரூட்டி இல்லாத அறைக்கு 65 வாட் வகைச் செயலியும், காற்றோட்டமுள்ள பெட்டியுமே பொருந்தும். 170 வாட் செயலியை வாங்கி அதன் வேகத்தை வெயிலுக்கு இழப்பதில் பொருளில்லை.

மின்தடைக்கு அஞ்சிப் பலர் 600 விஏ யூபிஎஸ் ஒன்றை வாங்குகின்றனர். இவ்வகையின் உண்மைத் திறன் பொதுவாக 360 வாட் அளவே. முழு உழைப்பில் 400 வாட் கொள்ளும் கணினியை இதில் இணைத்தால், மின்சாரம் நின்ற நொடியே யூபிஎஸும் நின்றுவிடும். தொகுப்பு நடுவில் அறுபட்டு ஆட்டக் கோப்புகள் சிதையக்கூடும். கடைவழக்கில் எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கியின் வாட் எண்ணையும் யூபிஎஸின் வாட் எண்ணையும் சேர்த்தே தெரிவு செய்தல் வேண்டும்.

மின்கட்டணமும் புறக்கணிக்கத்தக்கதன்று. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 அலகுகள் கட்டணமின்றி வழங்கும் முறை 2016 இல் வந்தது. 400 வாட்டில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் உழைக்கும் கணினி 60 நாட்களில் 192 அலகுகள் கொள்ளும். 150 வாட் கணினிக்கு 72 அலகுகள். எந்நேரமும் முழு உழைப்பு இராதெனினும், வீட்டின் பிற பயன்பாட்டோடு சேர்த்துப் பார்க்கையில் இவ்வேறுபாடு தெரியும்.

மடிக்கணினி

மின்தடையைச் சமாளிக்க மடிக்கணினி எளிய வழி. ஆனால் ஆர்டிஎக்ஸ் 4060 என்னும் ஒரே பெயரில் 35 வாட் முதல் 115 வாட் வரை கொள்ளும் மடிக்கணினி அட்டைகள் உள்ளன. பெயரைப் பார்த்து வேகத்தை முடிவு செய்ய இயலாது. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் தனி அட்டை அற்றவை. நிரலாக்கம் பழகவும் இருபரிமாண ஆட்டம் ஆக்கவும் அத்தகைய கணினி தடையன்று.

சோதனைக் கருவி

உருவாக்கக் கணினி வலிமையாக இருப்பதில் ஓர் இடர் உண்டு. ஆக்குபவரின் திரையில் தடையின்றி ஓடும் ஆட்டம் ஆடுபவரின் கருவியில் திணறலாம். இந்தியாவில் ஆடுவோரில் மிகப் பெரும்பாலோர் நகர்பேசியில் ஆடுபவர்கள். கணினியில் உள்ள போலிச்செயலி நகர்பேசியின் வெப்பத்தையோ மின்கலத் தேய்வையோ காட்டாது. எனவே அட்டைக்கான தொகையில் சிறு பங்கைக் குறைத்து, மூன்று நான்கு ஆண்டு பழைய, மலிவு வகை ஆண்ட்ராய்டு நகர்பேசி ஒன்றை வாங்கி மேசையில் வைத்துக்கொள்வது வழக்கம். மேசைக்கணினி ஆட்டமாயின், பழைய கணினியை விற்றுவிடாமல் சோதனைக்கென வைத்துக்கொள்ளலாம்.